ஒரே தாளில் நெய்தல்

பதினெட்டாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் சோழமண்டலக் கரை எப்படி இருந்தது என்பதைப் படங்கள் வழியே அறிய விரும்புகிறவர் மூன்று தொகுப்புகளைத் தேடிப் போக வேண்டும். கரையின் தோற்றத்துக்கு தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரன் மகன் வில்லியம் டேனியலும் 1795 முதல் 1808 வரை வெளியிட்ட 144 அச்சுப்படங்களில் சில இருக்கின்றன. செடிகொடிகளுக்கு வில்லியம் ராக்ஸ்பர்கின் ‘சோழமண்டலக் கரையின் தாவரங்கள்’ என்ற மூன்று பெருந்தொகுதிகள். பறவைகளுக்கு, மதராஸில் வாழ்ந்த எலிசபெத் குவில்லிம் தீட்டிய நீர்வண்ணப் படங்கள். மூன்றிலும் இந்தக் கிழக்குக் கரை இருக்கிறது. மூன்றும் ஏறக்குறைய ஒரே காலத்தவை. இருந்தும் ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லை. டேனியல்களின் கரையில் எந்தக் கொடி மணலைப் பிடித்து நிற்கிறது என்று சொல்ல முடியாது. ராக்ஸ்பர்கின் கொடிக்குக் கீழே மணல் கிடையாது. குவில்லிமின் பெரும்பாலான பறவைகளுக்குப் பின்னால் கடலின் அடிவானக் கோட்டைக் காண முடியாது.

ஒரு நிலம் மூன்றாகப் பிரிந்து போனதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றில் சில நியாயமானவை. திறந்தவெளியில் அமர்ந்து, கையில் ஒரு ஸ்கெட்ச் நோட்டோடு கரையையும் பூவையும் பறவையையும் ஒன்றாக வரைகிற எளிய பழக்கம் அந்தப் பிரிவைச் சரிசெய்ய வல்லது என்பது என் கருத்து. இதை வெறும் பொழுதுபோக்காக நான் நினைக்கவில்லை. நம் கடற்கரையைப் பற்றிய அறிவில் விழுந்திருக்கும் ஒரு பெரிய இடைவெளியை நிரப்பும் வேலை அது.

முதலில் ராக்ஸ்பர்க். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக 1776இல் மதராஸ் வந்த ஸ்காட்லாந்துக்காரர். பின்னர் கோதாவரிப் பகுதியில் உள்ள சாமல்கோட்டையில் தங்கி, அங்கே ஒரு தோட்டம் அமைத்தார். அங்கேதான் உள்ளூர் ஓவியர்களைச் சம்பளத்துக்கு அமர்த்திச் செடிகளை வரையச் செய்தார். தெரிந்தெடுத்த படங்கள் லண்டனுக்குப் போயின. தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸின் மேற்பார்வையில் செப்புத் தகட்டில் செதுக்கி, அச்சடித்து, கையால் வண்ணமேற்றி, 1795 தொடங்கி 1820 வரை வெளியிட்டார்கள். மொத்தம் 300 படங்கள். பெரும்பாலும் உள்ளது உள்ள அளவில் செடி. அதன் அடியில் பூவின் உறுப்புகள், விதை, காய் ஆகியவை தனித்தனியே பிரித்து.

தாள் ஏன் வெறுமையாக இருக்கிறது என்பதற்கு விடை அந்தப் படங்களின் வேலையில் இருக்கிறது. உலர்த்தித் தாளில் ஒட்டிய செடியில் வடிவம் தங்கும், நிறம் தங்காது. சதைப்பற்றுள்ள இலை சுருங்கிப் போகும். மெல்லிய இதழ் பழுப்பாகி ஒட்டிக்கொள்ளும். எனவே பறித்த சில மணி நேரத்துக்குள் நிறத்தைப் பிடிக்க ஓவியர் தேவைப்பட்டார். லண்டனிலோ வேறு நாட்டிலோ இருக்கும் ஒரு தாவரவியலாளர் அந்தப் படத்தைத் தன்னிடமிருக்கும் உலர்ந்த மாதிரியோடு ஒப்பிட்டு இது புதிய இனமா, முன்பே பெயரிட்டதா என்று தீர்மானிப்பார். அந்த ஒப்பீட்டுக்கு மணலும் கடலும் இடைஞ்சல். ஆகவே செடி மேசைக்கு வந்தது; ஓவியர் செடியிடம் போகவில்லை. அறிவியலுக்கு இதனால் கிடைத்த லாபம் பெரிது. ஆனால் அந்தச் செடி எதன் பக்கத்தில் வளர்ந்தது, காற்று அதை எந்தப் பக்கம் சாய்த்திருந்தது, அதன் நிழலில் என்ன ஒதுங்கியது என்பதெல்லாம் மேசைக்கு வந்து சேரவில்லை.

வேறொன்றும் வந்து சேரவில்லை: வரைந்தவர்களின் பெயர். ராக்ஸ்பர்கின் நூலில் ஓவியர்கள் யார் என்று இல்லை. அடுத்த தலைமுறையில் இது மாறியதற்கு ராபர்ட் வைட் காரணம். மதராஸ் மாகாணத்தில் பணியாற்றிய இந்த மருத்துவர், தாவரப் படங்களை அச்சிடக் கல்லச்சு முறையைத் தாமே கற்றுக்கொண்டார். 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய பெருநூலில் 2,101 படங்கள் உள்ளன. படங்களின் அடியில் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு தென்னிந்திய ஓவியர்களின் பெயர்களைக் காணலாம். தஞ்சையோடு தொடர்புள்ள தெலுங்கு ஓவிய மரபில் வந்தவர்கள் என்று கருதப்படுகிறது. வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரை வைத்தார். பிற்கால வகைப்பாட்டில் அந்தப் பெயர் வேறொரு பேரினத்துக்குள் அடங்கிப்போனது. ஆனாலும், கம்பெனி காலத்து இந்திய ஓவியர் ஒருவருக்கு ஓர் ஐரோப்பிய அறிஞர் செய்த மரியாதை என்ற வகையில் அது நினைவில் வைக்க வேண்டிய செய்தி. நம் பள்ளிப் பாடநூல்களில் இந்த இருவருக்கும் ஒரு பத்தியாவது இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

குவில்லிமின் கதை இவற்றிலிருந்து வேறுபட்டது. ஹியர்ஃபோர்டு நகரத்துக் கட்டடக் கலைஞர் ஒருவரின் மகளான எலிசபெத், மதராஸ் உச்ச நீதிமன்ற நீதிபதியாக நியமனம் பெற்ற கணவர் ஹென்றி குவில்லிமுடன் 1801இல் இங்கே வந்தார். கூடவே தங்கை மேரி சைமண்ட்ஸும் வந்தார். எலிசபெத் தெலுங்கு கற்றார். தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த தாவரவியலாளர் ராட்லரிடம் தாவரவியல் பழகினார். இங்கிலாந்துக்கு விதைகள் அனுப்பினார். ஒரு மலர்ப் பேரினத்துக்கு ராட்லர் இவருடைய குடும்பப் பெயரைச் சூட்டினார். மக்னோலியா குடும்பத்தில் ஒரு பிரிவின் பெயராக அது இன்றும் நிற்கிறது. இத்தனைக்கும் நடுவே அவர் பறவைகளை வரைந்தார். 1807 டிசம்பரில் மதராஸிலேயே இறந்து, கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் அடக்கமானார். வயது 44.

அந்தப் படங்கள் நூற்றாண்டுக்கும் மேலாக வெளியுலகுக்குத் தெரியாமல் கிடந்தன. 1924இல் கேசி உட் என்ற கண் மருத்துவர் லண்டனில் அவற்றைக் கண்டு வாங்கினார். இப்போது கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. பறவைகள் மட்டும் 121 படங்கள். மீன்களும் பூக்களும் உண்டு. அமெரிக்கப் பறவைகளை உருவளவில் வரைந்து உலகப் புகழ் பெற்ற ஆடுபானின் நூல் வெளிவரத் தொடங்கியது 1827இல். அதற்கு இருபது ஆண்டு முன்பே மதராஸில் ஒரு பெண் பெரிய தாள்களில், உயிருள்ள பறவைகளை முன்னால் வைத்து வரைந்து முடித்திருந்தார்.

உயிருள்ள பறவைகள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அக்காலத்து ஐரோப்பியப் பறவைப் படங்களில் பெரும்பகுதி பஞ்சு அடைத்த தோலைப் பார்த்து வரைந்தவை. அடைத்த தோலுக்குக் கழுத்து தவறான இடத்தில் வளையும். கால் உடலின் எடையைத் தாங்காது. கண் கண்ணாடியாக இருக்கும். பிடித்து வந்த பறவையைப் பார்த்து வரைந்த குவில்லிமின் படங்களில் சிறகின் இறகு வரிசை சரியாக இருக்கிறது. கால் செதில்களின் அமைப்பும், கண்ணைச் சுற்றிய தோலின் நிறமும் சரியாக இருக்கின்றன.

சில படங்களில் பறவைக்குப் பின்னால் நிலக்காட்சியும் உண்டு. தங்கை மேரியோ மதராஸின் காட்சிகளையும் மனிதர்களையும் வரைந்தார். ஒரே வீட்டில் இரண்டு சகோதரிகள். ஒருவர் கையில் பறவை, இன்னொருவர் கையில் நிலம். இரண்டும் இணைந்து நிற்பது அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களில். பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் அந்தக் கடிதங்களில் தோட்டமும், கடலும், வேலைக்காரர்களும், விழாக்களும், பறவைகளும் அடுத்தடுத்து வருகின்றன. தாளில் சேராதது கடிதத்தில் சேர்ந்தது.

டேனியல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1792–93இல் தென்னிந்தியா முழுக்கச் சுற்றினார்கள். மாமல்லபுரத்தையும் மதராஸ் கோட்டையையும் வரைந்தார்கள். இருட்டுப் பெட்டிக் கருவியின் துணையோடு கட்டடத்தின் கோணங்களைப் பிடித்தார்கள். பாறையும் கோபுரமும் அலையும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் அவர்களுடைய கண் இடிபாட்டையும் ஒளியையும் தேடிய கண். முன்தளத்தில் முளைத்திருப்பது எந்தப் புல் என்பது அவர்களுக்கு முக்கியமாகப் படவில்லை.

கரையை இப்படிக் கூறு போடாமல் பார்த்த மரபு ஒன்று இதே மண்ணில் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இருந்தது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. அந்த நிலத்தின் மரம், பறவை, விலங்கு, உணவு, தொழில் எல்லாவற்றையும் கருப்பொருள் என்று அதனோடு கட்டுகிறது. இதை வெறும் இலக்கண விதியாகப் படித்துத் தேர்வு எழுதிவிடுகிறோம். வரைகிறவர் அதை ஒரு பார்வைப் பயிற்சியாகப் படிக்கலாம். குறுந்தொகையின் 243ஆம் பாடல் ஐந்தே அடி. அதில் அடும்பின் இலை மானின் குளம்புபோல் கவடுபட்டது என்று வருகிறது. பூ, குதிரையின் கழுத்து மணிபோன்றது என்று வருகிறது. அந்தப் பூவைக் கொய்து மணலில் விளையாடும் பெண்கள் இருக்கிறார்கள். பறவைகள் ஒலிக்கும் பெருங்கடல் இருக்கிறது. இவ்வளவுக்கும் பிறகு தூக்கம் வராத ஒருத்தி இருக்கிறாள்.

இந்தப் பாடலின் கவனம் எவ்வளவு துல்லியமானது என்பது அடும்பை நேரில் வரையும்போது தெரியும். இலையின் கவடு மேலிருந்து பார்த்தால்தான் தெரியும். பூவின் மணி வடிவம் பக்கவாட்டில் பார்த்தால்தான் தெரியும். தாவர ஓவியர் ஒருவர் தம் தாளில் இலையை ஒரு கோணத்திலும் பூவை இன்னொரு கோணத்திலும் வைப்பதற்கு இதுவே காரணம். புலவர் இரண்டு கோணங்களிலும் பார்த்திருக்கிறார். பார்த்த பின்பும் செடியைக் கரையிலிருந்து பிடுங்காமல் விட்டிருக்கிறார்.

அடும்பை இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். அடப்பங்கொடி என்றும் சொல்வார்கள். சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை ஆள் நடமாட்டம் குறைந்த எந்த மணற்கரையிலும் அகப்படும். கொடி பல மீட்டர் நீளத்துக்குக் கடலை நோக்கி ஓடும். கணுவுக்குக் கணு வேர் இறக்கும்; எனவே மணல் மேலே மூடினாலும் அடுத்த கணுவிலிருந்து எழும். கொடி தரையோடு தரையாகக் கிடக்க, இலைகள் நீண்ட காம்பில் மேல்நோக்கி நிற்கும். நடு நரம்பை ஒட்டி இரு பாதியும் சற்றே மடிந்திருக்கும். முதல்முறை வரைகிறவர்கள் இலையைத் தட்டையாக விரித்து வரைந்துவிடுவார்கள், இலை என்றால் தட்டை என்று மனம் முன்கூட்டியே முடிவு செய்திருப்பதால். அந்த மடிப்பைப் பிடித்தால்தான் வெயிலின் உக்கிரம் படத்துக்குள் வரும். ஒரு பாதியில் ஒளியும் மறுபாதியில் நிழலும் விழும். பூ இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம். தொண்டைக்குள் நிறம் கறுக்கும். இதழ்கள் ஒன்றாக இணைந்த புனல். அதன் மேல் ஐந்து அழுத்தமான பட்டைகள் நட்சத்திரம்போல் விரியும். காலையில் மலர்ந்து, வெயில் ஏறியதும் தளரத் தொடங்கும். மாலையில் வந்து வரையலாம் என்று தள்ளிப்போட்டால் சுருண்ட துணித் துண்டுதான் மிஞ்சும். காயை உடைத்தால் பழுப்பு ரோமம் போர்த்திய விதைகள் இருக்கும். அவை கடல்நீரில் மிதந்து வேறு கரைகளுக்குப் போகும். உலகின் வெப்பமண்டலக் கடற்கரைகள் எங்கும் இந்தக் கொடி இருப்பது அதனால்தான்.

அதற்குப் பக்கத்திலேயே பெரும்பாலும் இராவணன் மீசை இருக்கும். முள்முனை கொண்ட விறைத்த புல். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் கதிர், முட்கள் எல்லாப் பக்கமும் நீட்டிய உருண்டையாக முற்றிக் கழன்று, காற்றில் மணல்மேல் உருண்டோடும்; போகிற வழியில் விதை உதிர்க்கும். இந்த உருண்டையைத் தனியாக எடுத்து வைத்து வரைந்தால் அழகான படம் கிடைக்கும். மணலில் அது விட்டுச் சென்ற புள்ளிக் கோடுகளோடு வரைந்தால் அன்று காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது என்பதும் படத்தில் பதிவாகும். ஒரு செடியின் வாழ்க்கை முறையும், காற்றின் திசையும், மணலின் ஈரமும் ஒரே கோட்டில் வந்துவிடுகின்றன. வெளியில் உட்கார்ந்து வரைவதன் பயன் என்ன என்று யாராவது கேட்டால் இந்த ஒரு எடுத்துக்காட்டைத்தான் நான் காட்டுவேன்.

பறவைகளிடம் வந்தால் சிக்கல் வேறு. அவை நிற்பதில்லை. அதற்கு வழி, ஒரே படத்தை முடிக்கப் பார்க்காமல் ஒரு தாளில் ஐந்தாறு உருவங்களைத் தொடங்கி வைப்பது. பறவை அசைந்ததும் அடுத்த உருவத்துக்குப் போக வேண்டும். பறவைகள் ஒரே நிலைக்குத் திரும்பத் திரும்ப வரும். வந்ததும் பழைய உருவத்தில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சற்று நேரத்தில் எந்த நிலைகள் திரும்புகின்றன, எவை தற்செயல் என்பது கைக்குப் புரிந்துவிடும்.

பட்டாணி உப்புக்கொத்தி ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து கொத்தும், மறுபடி ஓடும். கொசு உள்ளான் அப்படி நிற்காது; தலையைக் கவிழ்த்துக்கொண்டு தையல் எந்திரம்போல் சேற்றைக் குத்திக்கொண்டே நகரும். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் இரை தேடும் முறை. உப்புக்கொத்தி கண்ணால் தேடுகிறது. ஆகவே கண் பெரிது, தலை உருண்டை, அலகு குட்டை. நின்று பார்த்தால்தான் மணலில் அசைவது தெரியும். உள்ளான் வகைகள் பெரிதும் அலகு நுனியின் தொடுவுணர்வால் தேடுகின்றன. ஆகவே கண் ஒப்பளவில் சிறிது, அலகு நீளம். கோட்டானின் கீழ்நோக்கி வளைந்த நெடிய அலகு நண்டு வளைக்குள் புகும். இதைப் புத்தகத்தில் படித்தால் ஒரு வாரத்தில் மறந்துபோகும். தலைக்கு வட்டம் போட்டு, அதில் கண்ணை எங்கே, எவ்வளவு பெரிதாக வைப்பது என்று திணறியவருக்கு மறக்காது.

கால்களில் எல்லோரும் இடறுவார்கள். பறவையின் முழங்கால் பின்பக்கம் மடிவதாகத் தோன்றும். அந்த மூட்டு உண்மையில் கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. பவளக்கால் உள்ளானையோ பூநாரையையோ வரையும்போது இந்த உடலமைப்பு தெரியாவிட்டால் பறவை விழுந்துவிடுவதுபோல் நிற்கும். பழவேற்காட்டிலும் கோடியக்கரையிலும் குளிர்காலத்தில் பூநாரைக் கூட்டம் எட்டத்தில்தான் நிற்கும். வெயில் ஏறியதும் கானல் அலைந்து கால்கள் கரைந்துபோகும். உடல்கள் மட்டும் வெண்சிவப்புக் கோடாக மிதக்கும். அப்போது கால்களைக் கற்பனையில் வரைந்து சேர்க்கக் கூடாது. தெரியாததைத் தெரியாததாகவே விட்ட படம்தான் அந்த மணியின் உண்மையான படம்.

தமிழ்நாட்டில் இந்த வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்தவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்தவர். 1950 முதல் 1996இல் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கை பற்றிய பத்தியைத் தொடர்ந்து எழுதினார். தம் கட்டுரைகளுக்குத் தாமே மையில் கோட்டோவியம் வரைந்தார். நாளிதழ்த் தாளில், சின்ன அளவில், கறுப்பு வெள்ளையில் அச்சாக வேண்டிய படங்கள் அவை. எனவே கோடு குறைவு, ஒவ்வொரு கோட்டுக்கும் வேலை உண்டு. ஓணானாகட்டும் காகமாகட்டும், அது அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்பது படத்தில் தெரியும். அடர்காட்டு யானையையும் வீட்டுச் சுவரில் ஊர்வதையும் ஒரே மரியாதையோடு பார்த்தவர். தமிழிலும் எழுதினார், அந்தக் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற பெயரில் தொகுத்தார். உயிரினத்தை அதன் இடத்தோடும் நேரத்தோடும் சேர்த்துச் சொல்ல அவருக்குச் சொல்லும் கோடும் இரண்டும் தேவைப்பட்டன. அவருக்குப் பிறகு அந்த இரண்டையும் ஒரே கையில் வைத்திருப்பவர்கள் தமிழில் மிகக் குறைவு. இது எனக்கு வருத்தமான விஷயம்.

கையில் கேமரா இருக்கும்போது எதற்கு வரைய வேண்டும் என்பது நியாயமான கேள்வி. அதற்கு உளவியல் ஆய்வுகளில் ஓரளவு விடை உண்டு. அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டா ஹென்கல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களைப் படம் பிடித்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிட அவற்றைக் குறைவாகவே நினைவு வைத்திருந்தார்கள். ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கிப் படம் எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு ஏற்படவில்லை. 2016இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரு சொல்லைப் பல முறை எழுதியவர்களைவிட அதைப் படமாக வரைந்தவர்கள் அதிகம் நினைவு வைத்திருப்பதைக் காட்டினார்கள். படத்தின் தரம் எப்படி இருந்தாலும் பலன் இருந்தது. இவை கூடத்துக்குள்ளும் ஆய்வறைக்குள்ளும் நடந்த சோதனைகள். கடற்கரைக்கு அப்படியே பொருத்துவது சரியல்ல. ஆனாலும் கவனம் எங்கே நிற்கிறதோ அங்கே நினைவு நிற்கும் என்ற அளவில் அவை துணை நிற்கின்றன.

நினைவைவிடவும் முக்கியமான வேறுபாடு ஒன்று இருக்கிறது. ஒளிப்படம் ஒரு நொடியின் பதிவு. ஸ்கெட்ச் ஒரு மணி நேரத்தின் தொகுப்பு. அதற்குள் பறவை பல முறை திரும்பியிருக்கும், ஓதம் சற்று ஏறியிருக்கும், ஒளி மாறியிருக்கும். எதை வைப்பது, எதை விடுவது என்ற தீர்ப்பு ஒவ்வொரு கோட்டிலும் இருக்கிறது. 1934இல் ராஜர் டோரி பீட்டர்சன் தம் பறவைக் கையேட்டில் ஒவ்வொரு இனத்தையும் எளிமையாக்கி, பிரித்தறிய உதவும் அடையாளங்களை மட்டும் சுட்டி வரைந்தபோது பறவை பார்த்தலே சாமானியருக்குத் திறந்தது. அது ஓவியத்தால் மட்டுமே முடிந்த காரியம். ஆனால் அந்தக் கையேட்டிலும் பெரும்பாலான பறவைகள் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு வெறுந்தாளில் நிற்கின்றன. ராக்ஸ்பர்கின் மேசை அங்கேயும் தொடர்கிறது.

கரையில் உட்கார்ந்து வரைய விரும்புகிறவருக்கு நடைமுறையாகச் சில. கிழக்குக் கரையில் காலை வேளையில் கடலை நோக்கி அமர்ந்தால் சூரியன் எதிரே இருக்கும். பறவைகள் கறுப்பு நிழலுருவங்களாகவே தெரியும். வடிவம் பழக அது நல்லது, நிறத்துக்கு உதவாது. அந்த நேரத்தில் கடலுக்கு முதுகு காட்டி மணல்மேட்டையும் அதன் செடிகளையும் வரையலாம்; அடும்பு மலர்ந்திருப்பதும் அப்போதுதான். பிற்பகலில் சூரியன் பனைகளுக்குப் பின்னால் சாயும்போது ஒளி கடல்மேல் நேராக விழும். நெய்தலுக்கு உரிய பொழுது எற்பாடு என்றார்கள். கதிர் சாயும் வேளை என்று உரை சொல்வோர் உண்டு. ஓவியருக்கும் இந்தக் கரையில் அது கடலின் நிறம் தெரியும் வேளை.

பொதுவாக நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழும்பும். நீர்வண்ணம் காலையின் ஈரக்காற்றில் உலர மறுக்கும். காற்று எழும்பியதும் தூரிகை தாளைத் தொடுமுன் உலரும், பறந்து வரும் மணலும் அதில் ஒட்டும். எனவே காலையில் மெல்லிய வண்ணப் பூச்சு, பிறகு பென்சில் என்று வைத்துக்கொள்வது வசதி. வெள்ளைத் தாளில் வெயில் பட்டால் கண் கூசி, எல்லா நிறத்தையும் அழுத்தமாகப் பூசிவிடுவோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் இருண்டிருக்கும். தாளை நம் உடலின் நிழலில் வைத்துக்கொண்டால் போதும். விலை உயர்ந்த பொருள் எதுவும் தேவையில்லை. ஒரு 2பி பென்சில், கெட்டி அட்டை நோட்டு, இரண்டு கிளிப், இருந்தால் ஒரு பைனாகுலர்.

உப்பளங்களின் ஓரத்தில் வளரும் உமரியைக் கவனிக்கச் சொல்வேன். பச்சையாக இருக்கும் அந்தச் சதைப்பற்றுள்ள செடி, உப்பும் வறட்சியும் மிகும்போது சிவக்கும். ஒரே இடத்தை மாதம் ஒருமுறை வரைந்தால், அந்த நிற மாற்றம் நீர்நிலையின் உப்புக் கணக்காகவே தாளில் ஏறிவிடும். மழைக்குப் பின் நீர்மட்டம் எங்கே நின்றது, முகத்துவாரம் எப்போது மணலால் அடைந்தது, எந்த மாதம் எந்தப் பறவை வந்தது என்பவை தனித்தனிச் செய்திகளாக இல்லாமல் ஒரு தாளில் ஒன்றோடொன்று சேர்ந்து நிற்கும். சென்னைக் கரையில் ஓத வேறுபாடு சுமார் ஒரு மீட்டர்தான். இங்கே கழிமுகத்தின் முகத்தை மாற்றுவதில் பெரும்பங்கு பருவமழைக்கும், காற்றுக்கும், கரையோரமாக நகரும் மணலுக்கும் உண்டு. அந்த மாற்றம் மெதுவானது. ஒரு நாள் போய்ப் பார்த்து வருகிறவருக்குத் தெரியாது.

அழகுபடுத்துகிறோம் என்று மணல்மேட்டைச் சமன்செய்யும்போது அடும்பும் இராவணன் மீசையும் களையாக எண்ணப்பட்டு வாரிக் கொட்டப்படுகின்றன. மணலைப் பிடித்து வைத்திருந்தவை அவைதான். அங்கே என்ன இருந்தது என்று பிறகு கேட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இருப்பதில்லை. செயற்கைக்கோள் படத்தில் மணல்மேடு தெரியும், கொடி தெரியாது. செடிப் பட்டியலில் கொடி இருக்கும், அது மேட்டின் எந்தப் பக்கத்தில், எந்தப் பறவையின் கூட்டுக்கு அருகில் இருந்தது என்பது இருக்காது. தேதியிட்ட ஸ்கெட்ச் நோட்டுகள் ஊருக்கு நான்கு இருந்திருந்தால் இந்த நிலை இருக்காது.

கடலோர ஊர்ப் பள்ளிகளின் ஓவிய ஆசிரியர்களுக்கும், வார இறுதியில் பைனாகுலரோடு கரைக்குப் போகும் பறவை ஆர்வலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஆண்டு முழுக்க அதையே வரையுங்கள். மணல்மேடு, அதில் பூத்திருப்பது, அதன் முன் நடமாடும் பறவை மூன்றும் ஒரே தாளில் வரட்டும். அடியில் இடம், நாள், நேரம், காற்றின் திசை, ஓதம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை எழுதுங்கள். உங்கள் பெயரையும் எழுதுங்கள். நோட்டு நிறைந்ததும் ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ கொடுத்து வையுங்கள்.